நேற்று முப்பத்து மூன்று

சூரிச்சில் வீடிக்கோன் பக்கம் இருந்த அந்த யூத முதியோர் இல்லத்தின் சமையலறையில், சிவகலா வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே நல்ல பெயர் எடுத்துவிட்டாள். யூத மத விதிப்படி அங்கே இறைச்சிக்கு ஒரு தொகுதிப் பாத்திரங்கள், பாலுக்கு வேறொரு தொகுதி. கரண்டி, கத்தி, கழுவுகிற தொட்டி, துடைக்கிற துணி எல்லாமே இரண்டிரண்டு. சிவப்பு அடையாளம் இட்டது இறைச்சிக்கு, நீலம் பாலுக்கு. ஒன்றோடு ஒன்று படவே கூடாது. புதிதாக வருகிறவர்களுக்கு இதைப் பழக்கி எடுக்க இரண்டு மாதமாவது பிடிக்கும். சிவகலாவோ ஒரு தடவை சொன்னதும் தலையாட்டினாள்.

“எங்கட வீட்டிலையும் வெள்ளிக்கிழமைச் சட்டி வேறை, மீன்சட்டி வேறை,” என்று தன் அரைகுறை ஜெர்மனில் சொன்னாள்.

சமையலறைக்குப் பொறுப்பாக இருந்த ரோசி பொல்லாக் அவளை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு கொளுக்கியில் தொங்கிய ஏப்ரன் ஒன்றை எடுத்து நீட்டி, “அப்ப உனக்குச் சொல்லித்தர ஒண்டுமில்லை. வேலையைத் தொடங்கு,” என்றாள்.

ரோசிக்கு நாற்பத்திரண்டு வயது. சிவகலாவைவிட எட்டு வயது மூப்பு. மணமாகாதவள். நெட்டையான உருவம், உரத்த குரல், சிரித்தால் தட்டுகள் அதிரும். அவளுடைய தகப்பனார் அதே இல்லத்தின் இரண்டாம் மாடியில் இருந்தார். எண்டிங்கன் என்ற ஊரில் மாட்டு வியாபாரம் செய்து ஓய்ந்தவர். மகள் வைக்கிற சூப்பைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் அவருக்குக் குறை இருந்தது.

ரோசியின் குடும்பப் பெயரைக் கேட்ட நாளிலிருந்து சிவகலாவின் கணவன் தவச்செல்வன் அவளைப் ‘பொல்லாத அம்மா’ என்றே சொல்லிவந்தான். சிவகலா ஒவ்வொரு முறையும் அவனைத் திருத்தினாள். சமையலறையில் எட்டு மணி நேரம் சத்தமும் சிரிப்புமாகப் போகும். வீட்டுக்குத் திரும்பும்போதுதான் அவளுக்கு நெஞ்சு கனக்கும்.

காரணம், தவச்செல்வனின் தங்கை ஜெயகௌரி. லாங்ஸ்ட்ராஸவுக்குப் பக்கத்துத் தெருவில், இரண்டு அறை உள்ள மாடி வீட்டில் மூன்று பேரும் ஒன்றாக இருந்தார்கள். ஜெயகௌரிக்கு ஒரு சலவைத் தொழிற்சாலையில் வேலை. அங்கே நீராவியில் நாள் முழுக்க நின்று தலை நாறுகிறது என்று, ஜனவரி மாதம் தன் நீளமான கூந்தலைத் தோள்மட்டத்துக்கு வெட்டிக்கொண்டாள். அதே வாரம் சிவகலா யாழ்ப்பாணத்துக்கு, மாமியாருக்கு, கசற் ஒலிநாடாவில் பேசி அனுப்பினாள். பனி, குளிர், சாமான் விலை எல்லாம் சொல்லி முடித்தபின்னும் கசற்றில் கொஞ்சம் இடம் மிச்சம் இருந்தது. வாய் சும்மா இருக்கவில்லை. “மாமி, உங்கட மகள் இப்ப வெள்ளைக்காரிதான். தலைமயிரைக் கத்தரிச்சுப்போட்டா,” என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டாள்.

மாசிக் கடைசியில் பதில் கசற் வந்தது. விருந்துக்கு வந்த இரண்டு குடும்பங்கள் இருக்கும்போதுதான் தவச்செல்வன் அதைப் போட்டான். ஒரு பக்கம் முழுக்க மாமியாரின் அழுகை. பெண் பிள்ளையை அனுப்பிவைத்தது பிழையாகிவிட்டது என்றும், இனி யார் அவளைக் கட்டுவார்கள் என்றும். ஜெயகௌரி எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். அன்றிலிருந்து அவள் சிவகலாவோடு ஒரு சொல் பேசவில்லை. பேச வேண்டியது ஏதும் இருந்தால் தவச்செல்வன் வழியாகப் போகும். “அண்ணை, சமைக்கிறதுக்குக் குசினி இப்ப வெறுமையா இருக்கோ எண்டு கேளுங்கோ.” சிவகலா இரண்டடி தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருப்பாள். “வெறுமையா இருக்கெண்டு சொல்லுங்கோ,” என்பாள். தவச்செல்வன் இருவருக்கும் நடுவில் நின்று திரும்பத் திரும்பச் சொல்லிக் களைத்துப்போவான்.

இப்படியிருக்கையில் யூதர்களின் பஸ்கா விழா வந்தது. அது 1986ஆம் ஆண்டு, ஏப்ரல் மாதம்.

பஸ்காவின்போது புளித்த மா ஒரு துணுக்குக்கூட இருக்கக்கூடாது. மூன்று வாரமாகச் சமையலறையைத் தலைகீழாகப் புரட்டித் துப்புரவு செய்தார்கள். விழாவுக்கு இரண்டு நாளைக்கு முன், ரொட்டி சுடுகிற பாண் அடுப்பின் உட்புறத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது ரோசி தலையை வெளியே எடுத்து, “சிவா, உன்னட்டை ஒரு உதவி கேக்கவேணும்,” என்றாள்.

“சொல்லு.”

ஜெர்மனில் ‘நீ’ என்பது மட்டும்தான் சிவகலாவுக்குப் பழகியிருந்தது. இல்லத்தின் இயக்குநரைக்கூட அவள் நீ என்றுதான் சொன்னாள். ரோசிக்கு அது மிகவும் பிடித்துப்போயிருந்தது.

“நாள் எண்ணவேணும். நான்தான் எண்ணுவன். நான் எண்ணினனானோ எண்டு ஒவ்வொரு நாளும் காலமை நீ என்னைக் கேக்கவேணும். அவ்வளவுதான்.”

சிவகலாவுக்கு விளங்கவில்லை. ரோசி அடுப்புக்கு முன் தரையிலேயே சம்மணம் கட்டி உட்கார்ந்து விளக்கினாள். பஸ்காவின் இரண்டாம் மாலை தொடங்கி நாற்பத்தொன்பது மாலைகள். ஒவ்வொரு மாலையும் பொழுது பட்டு, அவர்கள் கணக்கில் புது நாள் தொடங்கியபின் ஒரு வாழ்த்துரை சொல்லி, இன்று இத்தனையாம் நாள் என்று வாய்விட்டு எண்ணவேண்டும். ஐம்பதாம் நாள் திருநாள், மலையில் வேதம் கிடைத்த நாள். பழைய காலத்தில் இது வெறுமனே அறுவடைக் கணக்காக இருந்தது. வாற்கோதுமையில் தொடங்கிக் கோதுமையில் முடியும். பிற்காலத்து ஞானிகள் அதற்கு உள்ளே இன்னொன்றைக் கண்டார்கள். ஏழு வாரத்துக்கு ஏழு குணம். முதல் வாரம் அள்ளிக் கொடுக்கிற அன்பு. அடுத்தது தன்னைப் பிடித்து நிறுத்துகிற கட்டுப்பாடு. அப்படியே ஒவ்வொன்றாக, கடைசியில் நிமிர்ந்து நிற்கிற மாண்பு வரைக்கும். வாரத்தின் ஏழு நாளிலும் அதே ஏழும் திரும்ப வரும். அன்புக்குள் கட்டுப்பாடு, கட்டுப்பாட்டுக்குள் அன்பு என்று ஒன்றுக்குள் ஒன்று புகுந்து பார்த்தால் நாற்பத்தொன்பது.

“ஒவ்வொரு நாளும் அந்த ஒண்டைத் தனக்குள்ளை பாத்துத் திருத்தவேணும். வீடு கூட்டுற மாதிரி, ஒரு நாளைக்கு ஒரு மூலை,” என்றாள் ரோசி. “இப்ப நாங்கள் தின்னுறது பொங்காத அப்பம். ஐம்பதாம் நாள் பொங்கின பாண் வைக்கலாம். முதலிலை ஆளைத் தட்டையாக்கி, துப்புரவாக்கி, அதுக்குப் பிறகுதான் பொங்க விடுறது.”

“அதுக்கு நான் ஏன் கேக்கவேணும்?”

ரோசி மேலே, இரண்டாம் மாடியைக் கண்ணால் காட்டினாள். “ஒரு நாள் முழுக்க விட்டுப்போனால் தொடர் அறுந்துபோகும். பிறகு வாழ்த்துரை சொல்ல ஏலாது. பெண்களுக்கு இந்தக் கடமை இல்லை. பொம்பிளைக்கு நூறு வேலை, எப்பிடியும் ஒரு நாளை மறந்துபோவாள், வாழ்த்துரை வீணாப்போகும் எண்டு அப்பா சொல்லுவார். என்ரை அண்ணன்மார் மூண்டு பேரும் சின்னனிலை இருந்து எண்ணுகினம். நான் ஒன்பது வருசமா எண்ணிப் பாக்கிறன். ஒருக்கால் நாற்பத்தாறு வரைக்கும் வந்தனான். அண்டைக்குப் பாத்து இஞ்சை குளிர்ப்பெட்டி பழுதாப்போச்சு.”

அவள் சிரித்தாள். ஆனாலும் அந்தச் சிரிப்பில் தட்டுகள் அதிரவில்லை.

“இரவு மறந்தாலும் அடுத்த நாள் பொழுது படுறதுக்குள்ளை ஞாபகம் வந்தால் தப்பலாம்,” என்று தொடர்ந்தாள். “வாழ்த்துரை இல்லாமல் எண்ணிப்போட்டு, அடுத்த மாலையிலை இருந்து வழமைபோலை போகலாம். அதுதான் காலமை கேக்கச் சொல்லுறன். ஆனா ஒண்டு. இண்டைக்கு எத்தினையாம் நாள் எண்டு என்னட்டைக் கேக்கக்கூடாது. மறுமொழி சொன்னால் வாழ்த்துரைக்கு முதலே எண்ணினதா ஆகிவிடும். நேற்று எத்தினை எண்டுதான் எங்கட ஆக்கள் கேப்பினம்.”

சிவகலா இந்த விதியை அப்படியே மனதில் ஏற்றிக்கொண்டாள். அவளுக்கும் விரத நாள்கள் உண்டு, தேதி பிசகக்கூடாத காரியங்கள் உண்டு. வீட்டுக் குசினிச் சுவரில் ஒரு வங்கி கொடுத்த நாட்காட்டி தொங்கியது. ஏப்ரல் இருபத்து நான்காம் தேதியில் பென்சிலால் சின்னதாக ‘1’ என்று எழுதினாள். அடுத்த நாளில் ‘2’.

தினமும் காலை ஏழு மணிக்கு ஏப்ரனைக் கட்டிக்கொண்டே, “நேற்று மாலை?” என்று கேட்பாள். “முடிஞ்சுது,” என்பாள் ரோசி. தனக்கு வேலையில்லாத நாள்களில் ரோசி தானாகவே இல்லத்துப் பக்கம் வந்து, சமையலறை ஜன்னலைத் தட்டிச் சைகை காட்டிவிட்டுப் போவாள்.

எண்ணுவது ரோசி, கேட்பது மட்டும்தான் தன் வேலை என்றுதான் சிவகலா தொடங்கினாள். முதல் வாரத்தின் நான்காம் நாளில் அது அவளையும் தொற்றிக்கொண்டது. அன்பு வாரமாயிற்றே என்று, ஒரு மாலை ஜெயகௌரிக்குப் பிடித்த கத்தரிக்காய்ப் பால்கறி வைத்து மூடி, மேசையில் அவள் இடத்தில் வைத்தாள். ஜெயகௌரி மூடியைத் திறந்து பார்த்தாள், மூடினாள், பாண் துண்டொன்றை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள். அடுத்த நாள் இன்னும் கூடுதலாக, வடையும் சுட்டு வைத்தாள். ஜெயகௌரி அதையும் தொடாமல் அறைக்குள் போனாள்.

“கொடுக்கிறது மட்டும் போதாது. அளவு தெரியாமல் ஊத்தினால் செடி அழுகிப்போகும். அதுக்குத்தான் ரெண்டாம் வாரம்,” என்றாள் ரோசி, கதையைக் கேட்டுவிட்டு.

இரண்டாம் வாரம் தொடங்கியபோது உலகமே கட்டுப்பாட்டு வாரத்துக்குள் போனதுபோல் ஆயிற்று. சோவியத் நாட்டில் அணு உலை வெடித்த செய்தி வந்து சில நாள்தான் ஆகியிருந்தது. அந்தக் காற்று சுவிஸ் வரைக்கும் வந்து மழையோடு இறங்கிவிட்டது என்றார்கள். மரக்கறியை நன்றாகக் கழுவவேண்டும், கர்ப்பிணிகளும் சிறு பிள்ளைகளும் புதுப் பால் குடிக்கவேண்டாம் என்று வானொலி சொன்னது. இல்லத்தில் சலாது இலைகளை நிறுத்திவிட்டு, பழைய கிழங்கையும் கரட்டையும் வைத்தே சமையல் நடந்தது. மேலே பெரியவர் பொல்லாக், தொண்ணூறை நெருங்குகிற தனக்கு அணு என்ன செய்யப்போகிறது, சலாது கொண்டு வா என்று தட்டில் கரண்டியால் அடித்தார்.

அதே வாரம் சிவகலாவின் வீட்டில் ஒரு விசித்திரம் நடந்தது. அவள் வாங்கி வைத்த பால் காணாமல்போனது. குளிர்ப்பெட்டியில் பால் இருந்த இடத்தில் பால்மாப் பெட்டி ஒன்று இருந்தது. கீரையும் காணவில்லை. இன்னொரு நாள் வேலையால் வந்து கதவைத் திறக்கும்போது, ஜெயகௌரி குசினித் தொட்டியில் புதுப் பாலை ஊற்றிக்கொண்டு நின்றதைக் கண்ணாலேயே கண்டாள். ஜெயகௌரி திடுக்கிட்டு வெற்றுப் போத்தலைப் பின்னால் மறைத்தாள்.

சிவகலாவுக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. பேசாமல் இருக்கிறது போதாதென்று இப்போது நான் வாங்குகிற பாலையும் ஊற்றுகிறாளோ! நாக்கு நுனி வரைக்கும் சொல் வந்துவிட்டது. அப்போது சுவரில், நாட்காட்டியில், தன் கையால் எழுதிய ‘11’ கண்ணில் பட்டது. இந்த வீட்டில் நடந்த வினை முழுவதும் கசற்றின் கடைசியில் தன் வாய் நிற்காமல் போனதால்தானே என்று நினைத்தாள். சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் கை கழுவினாள். அந்த மௌனம் அவளுக்குப் பெரிய களைப்பைத் தந்தது. இரவு நன்றாகத் தூங்கினாள்.

அதன்பின் இன்னும் விசித்திரங்கள். அடித்தளத்துச் சலவை அறையிலிருந்து ஈரத்துணிக் கூடை தானாக மாடிக்கு வந்துசேர்ந்தது. வீட்டில் கருவாடு பொரிக்கிற வாசமே நின்றுபோனது. தவச்செல்வன், “ஜெயா சொல்லச் சொன்னவள், நீர் யன்னல் துடைக்க ஏறவேண்டாமாம்,” என்று செய்தி கொண்டுவந்தான். ஏன் என்று கேட்டால், “எனக்கென்ன தெரியும், நான் தபால்காரன்,” என்றான்.

மே மாதம் வெயிலோடு வளர்ந்தது. எண்ணிக்கை இருபதைத் தாண்டி முப்பதைத் தொட்டது. ரோசி ஒரு நாளும் தவறவில்லை. ஐந்தாம் வாரத்தில், கஸ்டானி மரங்கள் பூத்து உதிர்ந்துகொண்டிருந்த ஒரு காலை, இந்த வாரத்துக் குணம் என்ன என்று சிவகலா கேட்டாள்.

“ஹோட். அதைச் சொல்லுறது கஷ்டம்,” என்றாள் ரோசி, வெங்காயம் வெட்டிக்கொண்டே. “பணிவு எண்டும் சொல்லலாம். எங்கட மொழியிலை நன்றி சொல்லுறதுக்கும், என்னிலைதான் பிழை எண்டு ஒத்துக்கொள்ளுறதுக்கும் ஒரே வேர்ச்சொல். ரெண்டுக்கும் தலை குனியவேணுமல்லோ.”

 வெங்காயம் சிவகலாவையும் அழவைத்தது.

அந்த வாரத்து முப்பத்து மூன்றாம் நாள், எண்ணும் காலத்தின் நடுவே கலியாணம் செய்ய இடம் கொடுக்கிற ஒரு நாள். ரோசியின் அண்ணன் மகனுக்கு அன்றைக்கு பாசல் நகரில் திருமணம். செவ்வாய்க்கிழமை. ரோசி திங்களன்றே புறப்பட்டாள். வியாழன்தான் வேலைக்கு வருவாள்.

புதன்கிழமை காலை ஏழு மணிக்கு சிவகலா ஏப்ரனைக் கட்டினாள். கேட்பதற்கு ஆள் இல்லை. உருளைக்கிழங்கு உரிக்கும்போது ஒரு யோசனை வந்து கடித்தது. நேற்று மாலைதான், முப்பத்து நான்கை எண்ணவேண்டிய நேரத்தில்தான், கலியாணக் கொண்டாட்டம். ஆட்டமும் பாட்டுமாக இருந்திருக்கும். உறவுக்காரர் நூறு பேர் வந்திருப்பார்கள். அண்ணன்மார் மூன்று பேரும் தங்கள் பாட்டில் எண்ணியிருப்பார்கள். தங்கையும் எண்ணுகிறாள் என்று அவர்களுக்கு யார் சொன்னது? ரோசி மறந்திருப்பாள். மத்தியானமாகும்போது அது சந்தேகமாக இல்லாமல் நிச்சயமாகவே ஆகிவிட்டது. இன்று பொழுது படுவதற்குள் ஞாபகப்படுத்தாவிட்டால் தொடர் அறுந்துவிடும்.

அலுவலகத்தில் ரோசியின் வீட்டு இலக்கம்தான் இருந்தது. அண்ணனின் இலக்கம் இல்லை. மேலே தகப்பனாரிடம் கேட்கலாம். ஆனால் அவரிடம் கேட்டால் விசயம் வெளியே வந்துவிடும். சிவகலா வேலை முடிந்து வீட்டுக்கு வந்தாள். தவச்செல்வன் ஹோட்டல் வேலைக்குப் போயிருந்தான். ஜெயகௌரி மேசையில் ஜெர்மன் பாடப் புத்தகத்தை விரித்து வைத்திருந்தாள். மூன்று பேரிலும் ஜெர்மன் ஒழுங்காகக் கதைக்கத் தெரிந்தவள் அவள்தான். மாலை வகுப்புக்குப் போகிறவள். தொலைபேசியில் முன்பின் தெரியாதவரோடும் தயங்காமல் பேசுவாள். சிவகலாவுக்கோ முகம் பார்க்காமல் ஜெர்மன் பேசினால் ஒரு சொல்லும் காதுக்குள் நிற்காது.

தூது போக ஆள் இல்லை. சிவகலா கதவருகில் நின்றாள்.

“ஜெயா.”

ஜெயகௌரி நிமிர்ந்து பார்க்கவில்லை. “அண்ணை வந்தாப்பிறகு சொல்லச் சொல்லுங்கோ,” என்றாள் புத்தகத்தைப் பார்த்து. சொன்ன பிறகுதான், மூன்று மாதத்தில் முதல் தடவையாக நேராகப் பேசிவிட்டது அவளுக்கே உறைத்தது. காது சிவந்தது.

“அவர் வரப் பதினொரு மணியாகும். அதுக்குள்ளை பொழுதுபட்டிடும். எனக்கு அவசரமா பாசலுக்கு ஒரு கோல் எடுக்கவேணும். நீ கதைச்சுத் தரவேணும். வேறை ஒருத்தரையும் எனக்குத் தெரியாது.”

ஜெயகௌரி அவள் முகத்தைப் பார்த்தாள். என்ன கண்டாளோ, புத்தகத்தை மூடினாள். “டொக்டருக்கோ?” என்றாள்.

“டொக்டரோ? இல்லை. பொல்லாக்குக்கு.”

தெருத் தொலைபேசிக் கூண்டுக்குப் போகப் படியிறங்கும்போது ஜெயகௌரி முன்னால் போய், “மெதுவா இறங்குங்கோ மச்சாள்,” என்று கையைப் பிடித்தாள். சிவகலாவுக்கு ஒன்றும் புரியவில்லை. அவசரத்தில் கேட்கவும் தோன்றவில்லை.

ஹெல்வெட்டியா பிளாட்ஸ் சதுக்கத்துக் கூண்டில் நாட்டின் எல்லா ஊர்த் தொலைபேசிப் புத்தகங்களும் வரிசையாகத் தொங்கின. ஆறரை மணி வெயில் கண்ணாடிக்குள் சுட்டது. பாசல் புத்தகத்தைத் தூக்கி விரித்தால் பொல்லாக் என்று ஒரு பட்டாளமே இருந்தது.

“ஆற்றை பேர் வேணும்?”

“பேர் தெரியாது. ரோசியின்ரை அண்ணன். நேற்று மகனுக்குக் கலியாணம்.”

ஜெயகௌரி பெருமூச்சு விட்டாள். ஆனாலும் அவளுக்கு இது ஒரு சவாலாகிவிட்டது. காசைப் போட்டு, முதல் பெயரிலிருந்து தொடங்கினாள். “குட்டன் ஆபென்ட். மன்னிக்கவேணும், உங்கட வீட்டிலை நேற்றுக் கலியாணமோ?” முதலாவது வீட்டில் ஒரு பெண்மணி, தன் மகளுக்குப் பன்னிரண்டு வயதுதான் என்றாள். இரண்டாவது வீட்டில் யாரும் எடுக்கவில்லை. மூன்றாவது வீட்டு மனிதர், தான் கத்தோலிக்கர் என்றும் மூன்று தடவை விவாகரத்துச் செய்தவர் என்றும் சொல்லி, நான்காவதைப் பற்றி யோசனை இல்லை என்றார். ஜெயகௌரி வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டே மொழிபெயர்த்தாள். ஐந்தாவது வீட்டில் ஒரு கிழவி, யார் பேசுகிறது, எந்த நாடு, அங்கே என்ன காலநிலை என்று கேட்டு ஒரு சில்லறைக் காசைத் தின்றாள்.

“அவர் மூக்குக்கண்ணாடி விக்கிறவர் எண்டு ரோசி ஒருக்கால் சொன்னவள்,” என்றாள் சிவகலா திடீரென்று.

ஜெயகௌரி திரும்பிப் பார்த்தாள். “மச்சாள்! இஞ்சை ஒவ்வொரு பேருக்குப் பக்கத்திலும் தொழில் போட்டிருக்கு. இதை முதலே சொல்லியிருக்கக் கூடாதோ!”

விரல் கீழே ஓடி ஒரு வரியில் நின்றது. அந்த இலக்கம் எடுபட்டதும் மறுமுனையில் பாத்திரச் சத்தமும் பிள்ளைகளின் கூச்சலும் கேட்டன. ஜெயகௌரி கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். “ஃபிராவ் ரோசி பொல்லாக்கோடு கதைக்கலாமோ? சூரிச்சிலை இருந்து. சமையலறை விசயம்.”

ரோசி வந்ததும் ஜெயகௌரி ரிசீவரை சிவகலாவின் கையில் திணித்தாள்.

“சிவா? என்ன நடந்தது? அடுப்பு பத்திட்டுதோ?”

இன்றைய இலக்கத்தை வாயில் எடுக்கக்கூடாது என்ற விதியை சிவகலா மறக்கவில்லை. தெளிவாகச் சொன்னாள்: “நேற்று முப்பத்து மூன்று.”

 “ஐயோ, என்ரை கடவுளே,” என்றாள் ரோசி. “நேற்றைக்கு நான்… மூண்டு மணித்தியாலம் ஆடினனான், சிவா. அப்பிடியே நித்திரை. இண்டைக்கு முழுக்கச் சட்டி கழுவினனான். வெளியிலை வெளிச்சம் இருக்கோ? பொறு, யன்னலைப் பாக்கிறன். இருக்கு, இருக்கு! வையாதை, அப்பிடியே நில்.”

அவள் தன் மொழியில் மெதுவாக ஒரு வசனம் சொன்னாள். சிவகலாவுக்கு அதில் ஒரு சொல்லும் தெரியாது. ஆனாலும் முடியும்வரை ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றாள். பிறகு கம்பி வழியாக அந்தப் பழைய சிரிப்பு வந்தது, கூண்டுக் கண்ணாடியே அதிருவதுபோல. அதோடு காசும் தீர்ந்து இணைப்பு அறுந்தது.

இருவரும் வெளியே வந்து, மரத்தடி வாங்கில் உட்கார்ந்தார்கள். ஜெயகௌரி விளக்கம் கேட்டாள். சிவகலா அடுப்புக்கு முன் ரோசி சொன்னதெல்லாம், ஏழு வாரம், ஏழு குணம், தகப்பனார் சொன்னது, எல்லாவற்றையும் சொன்னாள். ஜெயகௌரியின் முகம் மெல்ல மெல்ல மாறியது.

“அப்ப… நாட்காட்டியிலை நீங்கள் எழுதுற இலக்கம்?”

“இதுதான். ஏன்?”

ஜெயகௌரி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். “நான் உங்களுக்குப் பிள்ளை தங்கியிருக்கெண்டு நினைச்சன். நாள் எண்ணுறியள் எண்டு நினைச்சன். என்னிலை உள்ள கோபத்திலை எனக்குச் சொல்லாமல் மறைக்கிறியள் எண்டும் நினைச்சன்.”

“பால்…”

“வயித்திலை பிள்ளையோடை புதுப் பால் குடிக்கக்கூடாதெண்டு ரேடியோவிலை சொன்னவையெல்லோ! நான் என்னண்டு சொல்லுறது, கதைக்கிறதில்லையே. அதுதான் ஊத்தினனான்.”

கூடையும் கருவாடும் யன்னலும் எல்லாம் சிவகலாவுக்கு ஒரே நேரத்தில் விளங்கின. சிரிப்பு வயிற்றிலிருந்து கிளம்பி வந்தது, ஜெயகௌரியும் சேர்ந்துகொண்டாள். டிராமுக்கு நின்ற ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். சிரித்து ஓய்ந்தபோது சிவகலாவின் கண் கலங்கியிருந்தது. கலியாணமாகி நான்கு வருடம். “இன்னும் இல்லை, ஜெயா,” என்றாள். ஜெயகௌரி அவள் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

 பிறகு சிவகலா சொன்னாள். தலை குனிந்தபடிதான் சொன்னாள்.

“கசற்றிலை அதைச் சொன்னது நான் செய்த பிழை. பகிடிக்குத்தான் சொன்னனான் எண்டு இவ்வளவு நாளும் எனக்குள்ளை சொல்லிக்கொண்டிருந்தன். பகிடி இல்லை. நீ ஆரையும் கேக்காமல் வெட்டிப்போட்டு வந்து நிண்ட துணிவைப் பாக்க எனக்குக் கொஞ்சம் எரிச்சலா இருந்தது. அதுதான் உண்மை.”

ஜெயகௌரி தன் தோளில் தொட்டுக்கொண்டிருந்த முடியைக் காதுக்குப் பின்னால் தள்ளினாள். “அம்மா அழுதது பரவாயில்லை. அவ அழுவா. ஆக்களுக்கு முன்னாலை கேட்டதுதான் தாங்கேலாமல் போச்சு,” என்றாள். பிறகு, “நீங்கள் வைச்ச அந்தக் கத்தரிக்காய்க் கறி இருக்கே, நீங்கள் படுத்தாப்பிறகு எழும்பி முழுக்கத் திண்டனான். மூடியை அப்பிடியே வைச்சிட்டன்,” என்றாள்.

“நான் அதை அவர் திண்டவர் எண்டெல்லோ நினைச்சன்!”

அன்று இருவரும் சேர்ந்து சமைத்தார்கள். மறுநாள் காலை தவச்செல்வன் எழும்பி வந்தபோது, குசினியில் இரண்டு குரல் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தன. தன்னிடம் யாரும் எதையும் சொல்லச் சொல்லவில்லை என்பதைக் கவனித்து, ஒரு கோப்பைத் தேநீரை எடுத்துக்கொண்டு பேசாமல் போய் உட்கார்ந்தான்.

வியாழக்கிழமை ரோசி வேலைக்கு வந்ததும் முதலில் சிவகலாவைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினாள். பகலில் எண்ணும்போது வாழ்த்துரை இல்லாததால், தொலைபேசியில் ‘இன்றைக்கு முப்பத்து நான்கு’ என்று நேராகவே சொல்லியிருக்கலாம் என்றாள். “பரவாயில்லை. விதி எண்டால் விதிதான்,” என்றாள் சிவகலா. அந்த முப்பத்து நான்காம் நாளுக்கு உரிய குணம் எதுவென்று ரோசி சொன்னபோது சிவகலா வெட்டிக்கொண்டிருந்த கரட் கையிலேயே நின்றது. ஒத்துக்கொள்ளும் பணிவுக்குள் இருக்கிற பிணைப்பு. ஒருவரோடு ஒருவரைக் கட்டுவது.

மிச்சம் இரண்டு வாரமும் தடையில்லாமல் போயின. ஜூன் பதினொன்றாம் தேதி மாலை நாற்பத்தொன்பது. மறுநாள் காலை ரோசி சிவகலாவுக்கு முன்பே வந்து, திருநாளுக்காக மாப் பிசைந்துகொண்டிருந்தாள். பாற்கட்டிக் கேக்குக்கு வேறு தயார்ப்படுத்தியிருந்தாள். அந்தத் திருநாளில் பால் பலகாரம் செய்வது வழக்கம். சிவகலா வாயைத் திறக்குமுன், “முடிஞ்சுது,” என்றாள். குரல் வழமையைவிடத் தணிந்திருந்தது.

“அப்பாவின்ரை அறைக்குப் போனனான். கடைசி நாளை உங்களுக்கு முன்னாலை எண்ணப்போறன் எண்டன். எத்தினையை விட்டனி எண்டு கேட்டார். ஒண்டையும் விடேல்லை எண்டன். அவர் நம்பேல்லை. நீ கோல் எடுத்த கதையைச் சொன்னன். ரெண்டு தரம் சொல்லுவிச்சார். பிறகு தொப்பியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, எழும்பி நிண்டார். அவர் எழும்பி நிண்டு எவ்வளவு காலம் தெரியுமோ? நான் வாழ்த்துரை சொன்னன். அவர் ஆமென் எண்டார்.” மாவை ஒரு முறை புரட்டிப் போட்டாள். “வீணான வாழ்த்துரைக்கு ஆமென் சொல்லக்கூடாது. அப்பா அதிலை சரியான கண்டிப்பு.”

சிவகலா மாவில் தோய்ந்த அந்தப் பெரிய கைகளைத் தன் கைகளால் மூடிக்கொண்டாள். பத்து மணிக்கு இரண்டாம் மாடிக்குத் தேநீர் கொண்டுபோனபோது பெரியவர் அவளை நிறுத்தி, மூக்குக்கண்ணாடிக்கு மேலால் நன்றாகப் பார்த்தார். “பாசலுக்கு எத்தனை தடவை அடித்தாய்?” என்றார். “ஆறு,” என்றாள். அவர் திருப்தியாகத் தலையசைத்து, தேநீர் ஆறிப்போயிருக்கிறது என்று குறை சொன்னார்.

திருநாள் வெள்ளியும் சனியும். இல்லத்தின் சாப்பாட்டு மண்டபம் முழுக்கப் பச்சைக் கொப்புகளும் பியோனிப் பூக்களுமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ரோசியும் சிவகலாவும் ஜெயகௌரியும் சூரிச் ஏரியில் படகு ஏறினார்கள். ரோசி கேக் கொண்டுவந்தாள், நீலத் தட்டில். ஜெயகௌரி ரோசியின் சமையலறைக்கே வந்து பொரித்தெடுத்த மரக்கறிப் பட்டீஸில் மிளகாய் கூடிவிட்டது. ரோசி கண்ணீர் வழிய வழிய இரண்டு தின்றாள். இனி வருசம் எப்படிப் போகும் என்று ஜெயகௌரி கேட்டாள். வெயில் முற்றும்போது மூன்று வாரம் துக்கம், பிறகு இலை பழுக்கிற காலத்தில் மன்னிப்புக் கேட்கிற மாதம், அதற்குப் பிறகு ஓலைக் கூரைக் குடிலில் ஏழு நாள் என்று ரோசி விரல் விட்டுச் சொன்னாள். “ஓய்வே இல்லையோ உங்களுக்கு?” என்றாள் ஜெயகௌரி.

பேச்சுவாக்கில் இறங்கவேண்டிய துறையைத் தாண்டிவிட்டார்கள். அடுத்த துறையில் இறங்கிப் பார்த்தால் திரும்பிப் போகும் படகு ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான். மூன்று பேரும் சப்பாத்தைக் கழற்றி, பலகை மேடையில் உட்கார்ந்து காலைத் தண்ணீருக்குள் விட்டார்கள். தண்ணீர் இன்னும் குளிராக இருந்தது. சிவகலா முதலில் கால்விரல்களை மட்டும் நனைத்துப் பார்த்துவிட்டு, மெதுவாக முழங்கால் வரைக்கும் இறக்கினாள்.